வர்த்தகக் கொள்கை அறிஞர் என்பது ஒரு வேலையா, பட்டமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் சட்டம் மூன்றாம் வருடம் படிக்கிறீர்கள். ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் பேச்சாளரைப் பற்றி நாலு வரி பார்த்தீர்கள். மத்திய அரசில் சில வருடம், ஜெனீவாவில் சில வருடம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில வருடம், இப்போது 'சர்வதேச வர்த்தகம் மற்றும் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. இது ஒரு வேலையா, ரிடையர் ஆனவர்களுக்குக் கொடுக்கும் பட்டமா, இதற்கு என்ன படிக்க வேண்டும், தமிழ் வழியில் பள்ளி முடித்தவன் இதற்குள் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நாலாவதாக ஒன்று கிடப்பதாக எனக்குப் படுகிறது: இவர்கள் எழுதுவதால் எங்காவது ஏதாவது நடக்கிறதா? அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பேட்டண்ட் ஏஜென்டாக, அதாவது காப்புரிமை விண்ணப்பங்களைக் கவனிக்கிறவனாக, சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். மருந்துக் கம்பெனி ஃபைல்கள்தான் பிழைப்பு. காப்புரிமை கேட்கிறவர்களுக்கும் வேலை பார்த்திருக்கிறேன், அதை எதிர்க்கிறவர்களுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பின் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்ததில்லை. பொருளாதார ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வேன், ஆனால் அதன் கணக்குக்குள் புகுந்து பிழை பிடிக்கிற அளவுக்குப் பயிற்சி கிடையாது. கீழே வருவதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறை என்று ஒன்று உருவானதே சமீபத்தில்தான். 1986-இல் உருகுவே நாட்டின் புன்டா டெல் எஸ்டேயில் தொடங்கிய 'உருகுவே சுற்று' வர்த்தகப் பேச்சில்தான் காப்புரிமையும் பதிப்புரிமையும் சுங்கவரியோடு ஒரே மேசைக்கு வந்தன. 1994 ஏப்ரலில் மாராகெஷில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 முதல் டிரிப்ஸ், அதாவது வர்த்தகம் தொடர்பான அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, அமலுக்கு வந்தது. அதுவரை காப்புரிமை வக்கீல் ஒரு சாதி, வர்த்தகப் பொருளாதாரக்காரர் வேறு சாதி. ஒருவர் எழுதுவதை மற்றவர் படித்ததே அரிது. டிரிப்ஸ் வந்த பிறகு இரண்டும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஆளைத் தயாரிக்கிற பட்டப்படிப்பு அப்போது எங்கும் இல்லை. நீங்கள் பார்த்த நாலு வரி ஊர் ஊராகத் தாவியது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

உதாரணத்துக்கு ஜெயஸ்ரீ வட்டலை எடுத்துக்கொள்வோம். 1989-90-இல் டிரிப்ஸ் பேச்சுவார்த்தையில் இந்தியத் தரப்பில் உட்கார்ந்தவர். பிறகு வணிக அமைச்சகத்தின் வர்த்தகக் கொள்கைப் பிரிவில் இருந்தார். அப்புறம் வாஷிங்டன் பக்கம் ஆய்வு. 2001-இல் வளரும் நாடுகளின் பார்வையிலிருந்து டிரிப்ஸ் பற்றி ஒரு புத்தகம். இன்றைக்கும் சந்தேகம் வந்தால் நான் எடுத்துப் பார்க்கிற புத்தகம் அது. அதே வருடம் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்து 2019 வரை இருந்தார். ஆக அரசு, ஆய்வு நிறுவனம், சர்வதேசச் செயலகம் என்று மூன்று நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் பேச முடிகிற பேச்சு வேறு. அரசு நாற்காலியில் நாட்டின் நிலைப்பாட்டைத்தான் சொல்ல வேண்டும். செயலக நாற்காலியில் எந்த நாட்டையும் தாங்கிப் பேசக்கூடாது. ஆய்வு நாற்காலியில்தான் சொந்தக் குரல். ஒருவர் எழுதியதைப் படிக்கும்போது எந்த நாற்காலியில் இருந்து எழுதினார் என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது இந்தத் துறையில் அரிச்சுவடி.

அந்த இடைப்பட்ட காலத்தில், அதாவது 2000-இல், வட்டலும் அரவிந்த் சுப்பிரமணியனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பின்னாளில் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகரான அதே அரவிந்த் சுப்பிரமணியன்தான். உருகுவே சுற்று நடந்தபோது அவர் உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் அமைப்பில் வேலை பார்த்தவர். கட்டுரையின் விஷயம் எளிமையானது. உலக வர்த்தக அமைப்பில் ஒரு சின்ன நாடு பெரிய நாட்டுக்கு எதிராக வழக்கு ஜெயிக்கிறது, பெரிய நாடு அசையவில்லை. வழக்கமான பதிலடி, அந்த நாட்டுச் சரக்குக்கு வரி போடுவது. ஆனால் சின்ன நாடு வரி போட்டால் பெரிய நாட்டுக்கு உறைக்காது. தன் மக்களுக்கே விலை ஏறும். அதற்குப் பதிலாக அந்த நாட்டுக்காரர்களின் காப்புரிமையையும் பதிப்புரிமையையும் தன் ஊரில் நிறுத்திவைத்தால்? நம்மைக் கட்டிப்போட வந்த கயிற்றையே நாம் பிடித்து இழுப்பது.

இந்தக் கட்டுரை வந்ததால்தான் நாடுகள் அப்படிச் செய்தன என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிரான வாழைப்பழ வழக்கில், இப்படி நிறுத்திவைக்க உலக வர்த்தக அமைப்பின் அனுமதியை ஈக்வடார் 1999-லேயே கேட்டுவிட்டது. 2000-இல் வருடத்துக்கு 20.16 கோடி டாலர் வரை அனுமதியும் கிடைத்தது. ஆன்லைன் சூதாட்ட வழக்கில் ஆன்டிகுவாவுக்கு அமெரிக்காவுக்கு எதிராக வருடத்துக்கு 2.1 கோடி டாலர். இரண்டு நாடும் கடைசிவரை அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் பருத்தி மானிய வழக்கில் பிரேசில் 2010-இல் எந்தெந்த அறிவுசார் உரிமைகளை நிறுத்தப்போகிறோம் என்று பட்டியலையே வெளியிட்டது. கொஞ்ச நாளில் அமெரிக்கா பேச்சுக்கு வந்து, வருடத்துக்கு 14.73 கோடி டாலர் பிரேசில் பருத்தி விவசாயிகளுக்கான நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. பட்டியலைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார்களா, பிரேசில் கூடவே மிரட்டிய சரக்கு வரிக்குப் பயந்தா என்று நிரூபிக்க முடியாது. என் கணிப்பு, இரண்டும் சேர்ந்து. கட்டுரையின் பங்கு, அப்படி ஒரு ஆயுதம் கையில் இருக்கிறது என்பதை மற்ற நாட்டு அதிகாரிகளுக்கு ஒழுங்காக விளக்கியது.

இன்னும் கிட்டத்தில் ஒன்று, நம் ஊரில் நடந்தது. சென்னை காப்புரிமை அலுவலகத்தில் 1602/எம்ஏஎஸ்/98 என்று ஒரு விண்ணப்பம். எம்ஏஎஸ் என்றால் மெட்ராஸ். ஊருக்குப் பெயர் மாறி இரண்டு வருடம் ஆகியும் ஃபைல் நம்பரில் மாறவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமை அது. 2005-இல் இந்தியா மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கொடுக்கத் தொடங்கியபோது, சட்டத்தின் 3(டி) என்ற பிரிவு கடுமையாக்கப்பட்டது. ஏற்கனவே தெரிந்த வேதிப்பொருளின் புது வடிவம், செயல்திறனில் கணிசமான முன்னேற்றம் காட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே இல்லை என்பது அதன் சாரம். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) டிரிப்ஸுக்கு விரோதம், அரசியல் சட்டத்துக்கும் விரோதம் என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. டிரிப்ஸுக்குப் பொருந்துமா இல்லையா என்று பார்க்க வேண்டிய இடம் ஜெனீவாவில் இருக்கிறது, இங்கே அல்ல என்றார்கள். ஜெனீவாவுக்கு எந்த நாடும் வழக்கைக் கொண்டுபோகவில்லை. அதனால் 3(டி) டிரிப்ஸுக்கு உட்பட்டதுதானா என்ற கேள்விக்கு இன்றுவரை அதிகாரபூர்வமான பதில் கிடையாது. உட்பட்டது என்றே நான் நினைக்கிறேன். ஷரத்து 27 கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும், கண்டுபிடிப்புத் திறன் இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைக்கிறதே ஒழிய, கண்டுபிடிப்பு என்றால் என்ன என்று எங்கேயும் வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 3(டி) உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இது என் வாதம், தீர்ப்பு அல்ல. பரீட்சையில் இரண்டையும் குழப்பி எழுதாதீர்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, எந்தத் தரப்பையும் சேராமல் ஒரு பேராசிரியர் உள்ளே வந்தார்: ஷம்நாத் பஷீர். கொல்லத்துக்காரர். பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, அப்புறம் கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 3(டி)-யில் வரும் 'செயல்திறன்' என்ற ஒற்றைச் சொல்லை எப்படிப் படிப்பது என்று 2008-லேயே பிரசாந்த் ரெட்டியோடு சேர்ந்து நீளமாக எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை வந்தபோது எங்களைப் போல ஃபைல் தள்ளுகிறவர்களுக்கு அது கிணற்றில் போட்ட கல். நாலைந்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் முழுச் சண்டையும் அதே சொல்லில் வந்து நின்றது. மருந்துக்குச் செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன் மட்டும்தான் என்று எதிர்ப்பாளர்கள் தரப்பில் வாதம். நச்சுத்தன்மை குறைந்து பாதுகாப்பு கூடினாலும் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் பஷீர். 2013 ஏப்ரல் 1 அன்று வந்த தீர்ப்பு, செயல்திறன் என்றால் சிகிச்சைத் திறன் என்று நிறுத்தியது. உடல் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் சிகிச்சை மேம்பட்டதா என்று காட்ட வேண்டும் என்றது. பஷீர் எழுப்பிய பாதுகாப்புக் கேள்வியைத் தீர்க்காமல் திறந்தே விட்டது. அவர் ஜெயித்தார் என்றோ தோற்றார் என்றோ சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தரப்புக்கும் ஒத்துவராத ஒரு நிலையை நீதிமன்றத்தில் பதிவு செய்ய ஒரு ஆள் இருந்தார், அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது பழைய கட்டுரை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தத் தொழிலில் கறியே ஏட்டில்தான் ஆகிறது.

அவரைப் பற்றி எனக்கு நேரடியாகத் தைத்த விஷயம் வேறு. காப்புரிமை வைத்திருக்கிறவர்கள் அந்தக் கண்டுபிடிப்பை இந்தியாவில் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று படிவம் 27-இல் கணக்குக் கொடுக்க வேண்டும். ஏஜென்டுகள் நாங்கள் அதை எப்படி நிரப்பினோம் என்று சொன்னால் வெட்கம். பல கட்டங்களில் 'விவரம் திரட்டப்படுகிறது' என்று ஒரே வரியை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பஷீர் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் படிவங்களை வாங்கி, எத்தனை பேர் கொடுக்கவே இல்லை, எத்தனை பேர் ஒப்புக்கு நிரப்பினார்கள் என்று எடுத்து வைத்து, 2015-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். கடைசியில் 2020-இல் படிவமே மாறியது. மாறிய படிவம் முன்னதைவிட எளிதானது, கேட்கிற விவரமும் குறைந்தது. அவர் கேட்டது இதுவல்ல. அதைப் பார்க்க அவர் இல்லை, 2019 ஆகஸ்டில் 43 வயதில் இறந்துவிட்டார்.

இனி எண்கள். இங்கேதான் இந்த அறிஞர்களை நம்பவும் வேண்டும், சந்தேகப்படவும் வேண்டும். காப்புரிமை வந்தால் மருந்து விலை எவ்வளவு ஏறும்? 2006-இல் சௌதுரி, கோல்ட்பெர்க், ஜியா என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் ஃப்ளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். உள்ளூர்க் கம்பெனிகள் வெளியேற நேர்ந்தால் இந்தியாவுக்கு வருடத்துக்குச் சுமார் 30.5 கோடி டாலர் நஷ்டம். அதில் பெரும்பங்கு நோயாளிகள் தலையில். காப்புரிமை இல்லாததால் வெளிநாட்டுக் கம்பெனிகள் இழந்ததோ 2 கோடி டாலருக்கும் குறைவு. மேடை மேடையாகச் சொல்லப்பட்ட எண்கள் இவை, நானும் சொல்லியிருக்கிறேன். பத்து வருடம் கழித்து, 2016-இல், டகன், கார்த்வெயிட், கோயல் ஆகியோர் உண்மையில் காப்புரிமை கிடைத்த மருந்துகளின் விலையைப் பார்த்தார்கள். சராசரி உயர்வு 3 முதல் 6 சதவீதம்தான். விற்பனை அளவும் பெரிதாகக் குறையவில்லை.

அப்படியானால் முதல் ஆய்வு பொய்யா? இல்லை. முதலாவது, காப்புரிமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனைக் கணக்கு. அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்; மேடையில் பேசிய நாங்கள்தான் அந்த வரியை விழுங்கினோம். இரண்டாவது, நடந்ததன் கணக்கு. இடையில் எத்தனையோ நடந்தது. பழைய மருந்துகள் பெரும்பாலும் காப்புரிமைக்கு வெளியே நின்றன. விலைக் கட்டுப்பாடு இருந்தது, 3(டி) இருந்தது. 2012 மார்ச்சில் சோராஃபெனிப் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் (உரிமையாளர் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுக்கப்பட்டு, மாதம் ரூ.2,80,428 ஆக இருந்தது ரூ.8,880-க்கு வந்தது, அதைப் பார்த்து மற்றவர்கள் விலை வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வு எதுவும் என்னை இதுவரை முழுதாக நம்ப வைக்கவில்லை. சராசரி என்பதும் ஏமாற்றும்: சோராஃபெனிப் வாங்க வேண்டியிருந்தவருக்கு 3 சதவீதம் எதற்கு? டிரிப்ஸால் அந்நிய முதலீடும் தொழில்நுட்பமும் வந்தனவா என்பது இதைவிடக் குழப்பமான கேள்வி. கீத் மாஸ்கஸ் போன்ற பொருளாதாரக்காரர்கள் அதிலேயே காலம் தள்ளியிருக்கிறார்கள். கிடைக்கிற பதில் நாட்டைப் பொறுத்தும் தொழிலைப் பொறுத்தும் மாறுகிறது. வந்தது என்று அடித்துச் சொல்கிறவரையும், வரவே இல்லை என்று அடித்துச் சொல்கிறவரையும் கண்டால் நான் கட்டுரையின் முதல் பக்க அடிக்குறிப்பில் யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்ப்பேன். மருந்துக் கம்பெனிச் சங்கப் பணத்தில் ஒரு பக்கம், தொண்டு நிறுவனப் பணத்தில் மறுபக்கம் கட்டுரைகள் குவிகின்றன. பணம் வாங்கினால் பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள் என்பதைப் பணம் தீர்மானிக்கும்.

படிப்புக்கு வருகிறேன், இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பேட்டண்ட் ஏஜென்ட் பரீட்சை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும்; பி.ஏ. எல்எல்.பி. வைத்து எழுத முடியாது, அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டிஎல்-101 என்ற அடிப்படைப் பாடம் ஆன்லைனில் இலவசம். வட்டல், ஆன்டனி டாப்மனோடு சேர்ந்து 2015-இல் தொகுத்த, டிரிப்ஸ் பேச்சில் உட்கார்ந்தவர்களே எழுதிய கட்டுரைத் தொகுப்பும் உலக வர்த்தக அமைப்பின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு முன்னால் அதைப் படிக்கச் சொல்வேன், ஒவ்வொரு ஷரத்துக்குப் பின்னாலும் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரியும். தில்லியில் இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தின் கீழ் உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையம் இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் அரசுக்குக் குறிப்பு எழுதிப் பழகுகிற இடம். சட்டத்தோடு ஒரு தொழிலை ஆழமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்தோ, விதையோ, மென்பொருளோ, ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் பொதுவாகத் தெரிந்தவர்கள் இங்கே ஏராளம். வருமானம் சீராக இருக்காது. எனக்குத் தெரிந்த இளைஞர்கள் முதல் ஏழெட்டு வருடம் இரண்டு வருட ஒப்பந்தத்திலிருந்து இன்னொரு இரண்டு வருட ஒப்பந்தத்துக்குத் தாண்டிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுப் பொறுப்பு இருந்தால் இதை முதலிலேயே யோசியுங்கள்.

தமிழ் வழி பற்றி. 1959-இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று அறிக்கை கொடுத்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ராஜகோபால ஐயங்கார். உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமை வேண்டாம், செய்முறைக்கு மட்டும் போதும் என்ற 1970-ஆம் வருடச் சட்டத்தின் வேர் அந்த அறிக்கைதான். அதைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் எவ்வளவு எளிமையாக இருக்கிறது என்று பாருங்கள். இந்தத் துறைக்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. 'ஷால்' எங்கே, 'மே' எங்கே, கமா எங்கே என்று பார்க்கிற கண் வேண்டும். நன்னூல் சூத்திரத்துக்கு உரை படித்திருந்தால் அந்தக் கண் உங்களுக்கு ஏற்கனவே பாதி வந்திருக்கும், கிண்டலாகச் சொல்லவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வேலை தருகிறேன். டிரிப்ஸ் ஷரத்து 31-இல் எஃப் என்ற உட்பிரிவை எடுங்கள். கட்டாய உரிமத்தில் தயாரிக்கும் பொருள் 'பிரிடாமினன்ட்லி' (பெரும்பாலும்) உள்நாட்டுச் சந்தைக்கே போக வேண்டும் என்கிறது. இந்த ஒரு சொல்லால்தான் மருந்துத் தொழிற்சாலை இல்லாத நாடுகள் மாட்டிக்கொண்டன. அதைச் சரிசெய்ய 2003-இல் ஒரு விலக்கு கொண்டுவந்தார்கள். அதை நிரந்தரமாக்கிய திருத்தம் 2017-இல் அமலானது. அந்த வழியில் இதுவரை நடந்ததாகச் சொல்ல ஒரே ஒரு ஏற்றுமதிதான், கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு, எய்ட்ஸ் மருந்து, 2008-லும் 2009-லும் இரண்டு தவணையாக. மூலச் சொல்லுக்கு மட்டும் எந்தத் தீர்ப்பாயமும் இன்னும் அளவு சொல்லவில்லை. நூற்றுக்கு ஐம்பத்தொன்று உள்ளூரில் விற்றால் போதுமா? ஒரே நாட்டுக்கு நாற்பத்தொன்பது அனுப்பலாமா, அல்லது பல நாடுகளுக்குப் பிரித்து அனுப்பினால் கணக்கு மாறுமா? இரண்டு பக்கம், தமிழிலேயே எழுதி இந்த இழையில் போடுங்கள். நான் படித்துவிட்டு எங்கே ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுகிறேன்.